கெடு தவறிய வழக்கு
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் பயன் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நான் பட்டம் பெற்றிருந்தும் பயன்படாமற்போன ஒரு நாளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

என் பெரியப்பா 1991 ஜூன் மாதம் எங்கள் ஊர் நிலக்கிழார் ஒருவரிடம் 60 சென்ட் புன்செய் வாங்கக் கிரய ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். பசுவும் கன்றும் விற்ற 4,000 ரூபாய் முன்பணமாயிற்று. ஆறு மாதத்திற்குள் மீதியைச் செலுத்திப் பதிவு செய்துகொள்வதென்பது ஏற்பாடு. டிசம்பரில் பணத்துடன் சென்றபோது, "அறுவடை முடியட்டும்" என்றார் நிலக்கிழார். அடுத்த முறை, "மகள் திருமணம் முடியட்டும்" என்றார். அதற்கடுத்த முறை, "தை பிறக்கட்டும்" என்றார். பெரியப்பாவால் குரலை உயர்த்திக் கேட்க இயலவில்லை. மறுநாள் அவர் களத்தில்தானே வேலைக்கு நிற்க வேண்டும்!

1994 தீபாவளிக்கு ஊர் சென்றிருந்தேன். அப்போது நான் பி.எட். மாணவன். பெரியப்பா அந்தத் தாளைக் கொடுத்து, "படிச்சுச் சொல்லப்பா" என்றார். நான்கு எல்லைகளையும் படித்தேன். சாட்சிக் கையொப்பங்களைப் பார்த்தேன். "பத்திரம் செல்லும், பெரியப்பா" என்று பெருமிதத்தோடு சொன்னேன். தேதியை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. அன்று எங்களுக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் மீதமிருந்தது.

1995 மார்ச்சில் பிராது தாக்கலாயிற்று, 1998இல் தள்ளுபடியாயிற்று. ஒப்பந்தம் உண்மை, முன்பணம் கொடுத்ததும் உண்மை என்றே நீதிபதி எழுதியிருந்தார். ஆயினும் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கை, அதற்குக் குறித்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும். எங்கள் பிராது மூன்று மாதம் பிந்திவிட்டது. எதிராளி சுட்டிக்காட்டாவிடினும், காலங்கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளியே ஆக வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு. முன்பணமும் அதனோடு போயிற்று.

"தாமதத்தை மன்னிக்கக் கூடாதா?" என்று வழக்கறிஞரைக் கேட்டேன். 5ஆம் பிரிவின் சலுகை மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான் உண்டு, மூல வழக்குக்கு இல்லை என்றார். தாமதத்தைத் தாராளமாக நோக்க வேண்டுமென 1987இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் மேல்முறையீடு ஒன்றைப் பற்றியே. சிறுவர், சித்தசுவாதீனம் இல்லாதோர் ஆகியோருக்கு விலக்குண்டு. பெரியப்பாவோ எழுத்தறியாதவர் மட்டுமே. எழுத்தறியாமைக்குச் சட்டத்தில் விலக்கில்லை.

வாய்மொழி வாக்குறுதி கெடுவை நீட்டாது. கெடு முடியுமுன் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால்தான் காலம் புதிதாகத் தொடங்கும். நிலக்கிழார் இதை அறிந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். நான்காண்டுகளில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட அவர் எழுதித் தரவில்லை.

கெடு எல்லாவற்றிற்கும் ஒன்றன்று. பிறர் கைக்குச் சென்ற நிலத்தை உரிமையின் பேரில் மீட்க 12 ஆண்டு. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள். பட்டியல் இனத்தவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி தரும் சட்டமும் உண்டு. அது 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்களுக்குப் பிந்தியே வந்தது.

பெரியப்பா என்னை ஒருநாளும் குறை கூறவில்லை. "நீ சின்னப் பையன்தானே" என்பார். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு நான் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். பட்டம் பெற்ற தம்பி, தங்கைகள் இருவராவது உடனிருக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் உள்ள ஒப்பந்தம், நோட்டீஸ், சம்மன் எதுவாயினும் எடுத்து வாருங்கள். முதலில் தேதியைப் பார்ப்போம்.