வீட்டு மின்பெட்டியைத் தெரிந்து கொள்வோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் நம்ம வீட்டு மெயின் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கு.

நாலு வருசத்துக்கு முன்னால், மாவு அரைத்து விற்பதற்காகக் குழுவில் கடன் எடுத்து 10 லிட்டர் கிரைண்டர் வாங்கினேன். எங்கள் வீடு மாமனார் காலத்து ஓட்டு வீடு. சுவரில் மரப்பலகை, அதில் இரும்பு மெயின் சுவிட்ச், வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள். கிரைண்டர் போட்டால் அடிக்கடி பியூஸ் போகும். ஒருநாள் என் கொழுந்தனார் காப்பர் வயரில் நாலு இழையை முறுக்கிக் கட்டிவிட்டார். அதோடு பியூஸ் போகவே இல்லை. பிரச்சினை தீர்ந்ததுன்னு நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

அந்த ஐப்பசி மாசம், ஈரத் தரையில் நின்றுகொண்டு அத்தை கிரைண்டரைத் துடைத்தார்கள். "அம்மா"ன்னு ஒரு சத்தம்தான். கை ஒட்டிக்கிச்சு. நான் இழுக்க ஓடினேன். எங்க வீட்டுக்காரர் என்னைத் தள்ளிவிட்டு மெயினை ஆஃப் பண்ணினார். அத்தை பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளங்கை வெந்து, மூணு மாசம் அவங்க கையால் சோறு பிசைய முடியலை. நான் ஊட்டிவிடும்போதெல்லாம், இந்த மிஷினை வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்தானேன்னு மனசு அடிச்சுக்கும்.

பிறகு வந்த வயர்மேன் அண்ணனிடம், "இவ்வளவு நடந்தும் பியூஸ் ஏன் போகலை?" என்று கேட்டேன். அவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் பியூஸ். அதில் இருக்கும் மெல்லிய கம்பி, அளவுக்கு மேல் கரண்ட் போனால் சூடாகி உருகி அறுந்துவிடும். அது சுவருக்குள் இருக்கும் வயர் எரியாமல் காப்பதற்காக இருப்பது. தடிமனான கம்பியைக் கட்டினால் பியூஸ் உருகாது, வயர்தான் உருகும். வாட்டை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று தெரியும். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பி ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பியூஸில் போடவே கூடாது. கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதற்குத் தனி லைன், சரியான வயர் வேண்டும். பியூஸ் அடிக்கடி போனால் ஏதோ தப்பு இருக்குன்னு அது நமக்குச் சொல்லுது. அதன் வாயைக் கட்டிவிடக் கூடாது.

இரண்டாவது எம்.சி.பி. இது பியூஸ் வேலையையே செய்யும் சுவிட்ச். கம்பி கட்ட வேண்டியதில்லை, தானே விழுந்துவிடும். என்ன கோளாறு என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி தூக்கிவிட வேண்டும்.

ஆனால் இந்த இரண்டும் ஷாக் அடிக்கும் ஆளைக் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. 5 ஆம்பியர் என்றால் 5000 மில்லி ஆம்பியர். மனுச உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்தக் கொஞ்சக் கரண்ட் பியூஸுக்குத் தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பது மூன்றாவதாக உள்ள ஆர்.சி.சி.பி. இ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நம்ம குழுக் கணக்கு மாதிரிதான், வரவும் செலவும் ஒத்து வரணும். இடையில் ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும், கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கணும். அதில் 'டி' என்ற பட்டன் இருக்கும். மாசம் ஒருமுறை அழுத்தினால் அது விழணும். விழவில்லை என்றால் மாற்றணும். இது இருந்தாலும் எம்.சி.பி. அல்லது பியூஸும் வேண்டும். இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் தொட்டால் இதுவும் காப்பாற்றாது.

நான்காவது எர்த். எங்கள் கிரைண்டரில் மூணு பின் பிளக்கை எடுத்துவிட்டு ரெண்டு பின் மாட்டியிருந்தோம். மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். அதனால் பாடியில் கசிந்த கரண்ட் போக வழி இல்லாமல், அத்தை வழியாகப் போனது. பழைய வீட்டில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும், வயர்மேனிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் தொடாதீர்கள். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் சாமான், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்தப் பணத்தை முதலிலேயே போட்டிருந்தால் அத்தை கை நல்லா இருந்திருக்கும்.

ஆகவே கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். கிரைண்டர், தையல் மோட்டார் என்று எந்த மிஷினுக்குக் கடன் கொடுத்தாலும், அந்த வீட்டில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் அதற்கும் சேர்த்தே கடன் கொடுக்கணும். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் எல்லோரும் ஒருமுறை உங்கள் மெயின் பெட்டியைப் பாருங்கள்.