பாட்டு யாருடைய சொத்து?

(கொடைக்கானலில் பாடகர்கள், ஓவியர்கள், போட்டோக்காரர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர், கலை சரஸ்வதி கடாட்சமாயிற்றே, அதற்கு விலை பேசலாமா என்று கேட்டார். சரஸ்வதி கொடுத்ததாகவே வைத்துக் கொள்ளுவோம். அப்படியானால் அச்சடித்து விற்கிறவர் மட்டும் ஏன் காசு வாங்குகிறார்? எழுதினவனுக்குக் கடாட்சம், விற்கிறவனுக்குக் காசு என்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க, இவ்வூரில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். பாதரசக் கழிவு விஷயம் அம்பலமாகி 2001-ல் அது மூடப்பட்டது. தொழிலாளர்கள் வருஷக் கணக்காய் நியாயம் கேட்டு வந்தார்கள். 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் அவர்களுக்காக ஒரு பாட்டுப் பாடினார். மெட்டு, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டு. லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். மினாஜே அதைத் தமது ட்விட்டரில் எடுத்துப் போட்டார். 2016 மார்ச்சில் 591 பழைய தொழிலாளர்களோடு கம்பெனி ராஜி செய்து கொண்டது. பாட்டினால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷம் போராடினவர்கள் தொழிலாளர்கள்.

இப்போது அந்தப் பாட்டு யாருடைய சொத்து? சொற்கள் சோஃபியாவுடையவை. மெட்டு அவருடையதல்ல. அந்த ‘அனகோண்டா’வும் சர் மிக்ஸ்-அ-லாட் என்பவர் 1992-ல் வெளியிட்ட பாட்டிலிருந்து துண்டெடுத்துக் கட்டியதுதான், அவர் பெயரும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நமது 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், விமர்சனம், நடப்புச் செய்தி முதலியவற்றுக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவு எடுத்தாள இடங்கொடுக்கிறது. ஆனால் கேலிப் பாட்டு என்று தனியாகப் பெயர் சொல்லி விலக்கு எதுவும் அதில் இல்லை. மினாஜ் ரசித்தார், சரி. எல்லாச் சொந்தக்காரரும் ரசிப்பார்களா? ரசிப்பது வேறு, எழுதிக் கொடுத்த அனுமதி வேறு.

வட்டத்துக்குள் ‘சி’ எழுத்தைப் போடாவிட்டால் உரிமையே இல்லையென்று சிலர் அதைத் தாயத்துப் போல் நம்புகிறார்கள். வேடிக்கைதான்! எழுதின அன்றே, வரைந்த அன்றே உரிமை உண்டாகி விடுகிறது. பதிவு கட்டாயமல்ல, வழக்கு வந்தால் சாட்சிக்கு உதவும். உரிமை ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 வருஷமும் இருக்கும். தூண் பாறையை யாரும் வரையலாம், பாறை ஒருவர் சொத்தல்ல. நீங்கள் வரைந்த படத்தை நகலெடுத்து வாழ்த்து அட்டை போடுகிறவர்தான் உங்களைக் கேட்க வேண்டும். படத்தை விற்று விட்டாலும், நகலெடுக்கும் உரிமை தானாகக் கூடப் போய் விடாது. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்த்துச் செய்தது, வேறு ஏற்பாடில்லாவிட்டால் முதலாளியைச் சேரும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும் அப்படியே, சொன்னவரைச் சேரும்.

என் கதையையும் சொல்லி விடுகிறேன். வாலிப வயதில் ஒரு பாட்டுப் புத்தகம் எழுதி, ஒரு அச்சுக்கூடத்தாரிடம் ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தேன். நீட்டின காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பதிப்பில் வேறொருவர் பெயர் இருந்தது! விற்றாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வந்து விட்டேன். ஊருக்கெல்லாம் மூடநம்பிக்கையை விளக்குகிற எனக்கு வாய்த்த மூடநம்பிக்கை அது. பிற்பாடு சட்டத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். 57-வது பிரிவு, உரிமையை விற்றாலும் ‘இதை எழுதினவன் நான்’ என்று சொல்லும் உரிமை ஆசிரியனுக்கே உண்டு என்கிறது. 19-வது பிரிவின்படி, உரிமை மாறுவதென்றால் எழுத்திலும் கையெழுத்திலும் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம்தான்.

உங்களில் சிலர் கேசட்டுக்காரரிடமும் காலண்டர்க்காரரிடமும் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் வீட்டில் கிடக்கும். நாளைக் காலையில் இங்கேதான் இருப்பேன். எடுத்துக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.