நெஞ்சு தாளம் தப்பினால்



மலையில நெஞ்சு படபடத்தால் கூடையை இறக்கி உட்காருங்கள். பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 செக்கன் நாடி பாருங்கள். துடிப்பு தாறுமாறாக ஓடினால் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். இதயத்தில் இரத்தம் தேங்கி, உறைந்து, மூளைக்குப் போனால் பாரிசவாதம்.

அதைத் தடுக்கத்தான் வோபரின் மாத்திரை. கிளினிக் போனால் அன்றைய பேர் போகுதே என்கிறீர்கள். பெரிய நட்டம்தான், இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனாலும் இரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். கீரை சாப்பிடலாம், ஒரு கிழமை கட்டுக்கட்டாக, மறுகிழமை ஒன்றுமில்லை என்று மட்டும் வேண்டாம். உளைச்சல் மாத்திரையைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போட்டால் இரத்தக் கசிவு வரும்.

வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் மந்திரிக்கவோ எண்ணெய் தேய்க்கவோ நிற்காதீர்கள். உடனே 1990க்குக் கோல் எடுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.