மொழியைத் திரிப்பதும் காப்பதும் மாந்தரே



மொழி ஆற்றுநீர் போன்றது. தானே ஓடும், தானே திரியும். அதனை யாரும் நெறிப்படுத்தல் இயலாது என உரைப்பார் உளர். மொழி திரிதல் மெய்யே. அத்திரிபு யாரால், எதன்பொருட்டு நிகழ்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்சுக் கரைக்கு அப்பால் மார்த்தாசு வின்யார்டு என்றொரு சிறு தீவு உண்டு. 1961-இல் வில்லியம் இலபோவ் என்னும் மொழியறிஞர் ஆங்குச் சென்று, அம்மண்ணிற்குரிய 69 பேரின் பேச்சைப் பதிவுசெய்து ஆய்ந்தார். அந்நாளில் தீவில் நிலையாக வாழ்ந்தோர் ஏறத்தாழ 6,000 பேர். கோடைதோறும் வந்து குவிந்தோர் 40,000 பேர்க்கும் மேல். மீன்பிடித்தொழில் நலிந்தது. வழிவழி வந்த நிலமும் மனையும் வெளிச்செல்வர் கைக்கு மாறின.

ஆங்கிலத்தில் 'ஐ', 'ஔ' போன்றொலிக்கும் ஈருயிரொலிகளைத் தீவினர் பலர் வாயை அகலத் திறவாது, நாவைச் சற்றே உயர்த்தி ஒலித்தனர். 'ஐ'யின் அவ்வொலிப்பு பழைமையானது. பழைமையாயின் முதியோரிடமன்றோ மிக்கிருத்தல் வேண்டும்? ஆனால் 31 முதல் 45 வரை அகவையுடையோரிடமே அது மிக்கிருந்தது. தொழில்வகையில் மீனவரிடமும், இடவகையில் சில்மார்க்கு என்னும் ஊரினரிடமும் ஓங்கியிருந்தது.

அவர்தம் உள்ளப்பாங்கை இலபோவ் ஆராய்ந்தார். தீவின்பாற் பற்றுடையோர் 40 பேர். 'ஐ'யொலியில் அவர்தம் திரிபளவு 63. பற்றற்றோர் 6 பேர். அவர்க்கு அவ்வளவு 9 மட்டுமே. பிறந்த மண்ணிலேயே வாழத் துணிந்தவர், தாம் அம்மண்ணிற்கு உரியர் என்பதைத் தம்மையறியாமலே நாவினாற் காட்டினர். 1963-இல் வெளிவந்த இவ்வாய்வு, குமுகாய மொழியியலுக்கு அடிக்கல்லாயிற்று.

அறியாமல் நிகழ்ந்ததே இத்துணை வலிமையுடைத்தாயின், அறிந்து செய்வது எத்துணை வலிமையுடைத்து! அதற்குச் சான்று தமிழகமே. 1916-இல் வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டார் ஒருவர். அன்று நகைத்தோர் பலர். ஆயினும் அடிகளார்வழிச் சிலரும், அச்சிலர்வழிப் பலரும் நின்றனர். அக்கிராசனர் தலைவரானார், பிரசங்கம் சொற்பொழிவாயிற்று, விவாகப் பத்திரிகை திருமண அழைப்பிதழாயிற்று. இன்று அச்சொற்களை வழங்குவோர், அவை ஒருகாலத்துப் போராடி மீட்கப்பட்டவை என்பதையும் அறியார்.

ஒருவர் தொடங்குகின்றார், ஒரு குழுவினர் மேற்கொள்கின்றனர், குமுகாயம் தனதாக்கிக்கொள்கின்றது. தமிழ் கெடுவதும் இம்மூன்று படிகளில்தான். தழைப்பதும் இம்மூன்று படிகளில்தான். முதற்படி ஒவ்வொருவர் நாவிலும் உள்ளது. வீட்டிலும் கடையிலும் வகுப்பறையிலும் இன்றே ஒரு சொல்லேனும் தமிழாகுக!