நெஞ்சுக்குழியும் முன்சிறுகுடலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இலக்கியத் தொடரிலே குடலைப் பற்றியும் இரைப்பையைப் பற்றியும் பேச வந்துவிட்டானே என்று உங்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். தன் வயிற்றோடு வழக்காடிய ஒளவையார் நம்மவர். 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்து, உண்டது சமிப்பதற்கு 'அறுதல்' என்ற வினையை ஆண்ட வள்ளுவரும் நம்மவரே. ஆகவே சற்றுப் பொறுத்தருள்க.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன். மட்டக்களப்பு வாவிக்கு இக்கரையிலே, கல்லடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் 'சமிபாட்டுத் தொகுதி' என்னும் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேனோ கணக்கில்லை. கரும்பலகையில் வாயிலே தொடங்கி களம், இரைப்பை, முன்சிறுகுடல், சுருட்குடல், பெருங்குடல் என்று வெண்கட்டியை இழுத்துக்கொண்டு போனால், மணி அடிக்கிற நேரம் படம் குதத்திலே வந்து முடியும். பிள்ளைகள் சிரிப்பார்கள். உடம்பைப் பற்றிப் பேச என்ன வெட்கம் என்று நான் அதட்டுவேன். அதட்டியவன் நான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2003 ஆம் ஆண்டு. படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த என் பெரியம்மாவுக்குச் சுகமில்லை என்று ஆள் வந்தது. மண்முனைத் துறைக்கு அப்போது பாலம் இல்லை. அது 2014 இல்தான் திறக்கப்பட்டது. பாதையிலே ஏற்றி இக்கரைக்குக் கொண்டு வந்தோம். பாதை என்று இங்கே சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. பெரியம்மா என் தோளிலே சாய்ந்தபடி சொல்லிக்கொண்டே வந்தா:

"நெஞ்சுக்க எரியிது மனே. சோறு திண்டா கொஞ்சம் அமரும். மறுகா சாமத்தில எழுப்பும். மூணு நாளா வயித்தால கறுப்பாப் போகுது, தார் மாதிரி."

வைத்தியசாலையிலே இருந்தவர் தென்பகுதியைச் சேர்ந்த இளம் டொக்டர். நல்ல மனுஷன். தமிழ் பத்துச் சொல் தெரியும். நான் மொழிபெயர்ப்பாளனானேன். 'நெஞ்சு நோ' என்பதை ஆங்கிலத்திலே மார்பு நோ என்று சொன்னேன். சாமத்தில் வருகிறது என்றும் சொன்னேன். சோறு தின்றால் அமரும் என்பதைக் கிழவியின் அலட்டல் என்று விட்டுவிட்டேன். கறுப்பாகப் போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்திலே தாதிமார் நின்றார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளையும் அவர்களில் ஒருத்தி.

அறுபத்தெட்டு வயது, மார்பு நோ, இராத்திரியில் வருகிறது. வேறு எதை நினைப்பது? ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பாக இருக்கலாம் என்ற ஐயத்தில் அஸ்பிரின் கொடுத்து வார்ட்டிலே வைத்துக்கொண்டார்கள். என் மொழிபெயர்ப்புக்கு அது சரியான மருந்து. பெரியம்மாவின் வயிற்றுக்கு அது நஞ்சு. விடியப்புறம் மலசலகூடத்துக்குப் போனவ அங்கேயே மயங்கி விழுந்தா. அதற்குப் பிறகுதான் கறுப்பு நிறம் வைத்தியர்களின் கண்ணிற் பட்டது.

முன்சிறுகுடலிலே புண். அதிலிருந்து இரத்தம் கசிந்து, இரைப்பையின் அமிலத்தாலும் குடற் கிருமிகளாலும் மாற்றமடைந்து கறுத்து வெளியேறிக்கொண்டிருந்தது. இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டா.

இந்த முன்சிறுகுடல் என்பது இரைப்பையை விட்டு இறங்கியதும் வருகிற முதல் இருபத்தைந்து சென்ரிமீற்றர் குடல். ஆறேழு மீற்றர் நீளச் சிறுகுடலில் அது ஒரு சிறு துண்டு. ஆனால் அதன்பாடுதான் பெரும்பாடு. இரைப்பையின் புளிப்பு முழுவதும் அதன் தலையிலேதான் வந்து விழும். சதையியிலிருந்தும் பித்தப்பையிலிருந்தும் வரும் நீர்கள் அந்தப் புளிப்பைத் தணிக்கும். அங்கே புண் வந்தால் வெறுவயிற்றிலே நோவு எழும், உணவு போனால் தணியும், நடுச்சாமத்தில் ஆளை எழுப்பும். பாதையிலே வரும்போது பெரியம்மா சொன்னது ஒரு மருத்துவப் புத்தகத்தின் பந்தி, சொல்லுக்குச் சொல். வாசிக்கத் தெரியாதவன் நான்.

இத்தகைய புண்ணுக்குக் கவலையும் காரமும் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். 1982 இல் அவுஸ்திரேலியாவிலே பரி மார்ஷல், றொபின் வொரன் என்ற இருவர், இரைப்பையில் வாழும் ஒரு பக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாதபடியால் 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார். 2005 இல் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. அஸ்பிரின் போன்ற நோ மாத்திரைகளும் இதே புண்ணை உண்டாக்கும். பெரியம்மா முழங்கால் உளைவுக்குக் கடையிலே குளிசை வாங்கி விழுங்கி வந்தவ என்பது பின்னர் தெரிந்தது.

அந்த நாட்களிலே கட்டிலருகே இருந்தபோதுதான் சொற்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். வைத்தியரின் வாயிலே கம்பீரமாக ஒலிக்கும் கிரேக்க, இலத்தீன் பெயர்களின் உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கேயும் ஒரு பெரியம்மாதான் இருக்கிறா. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோபிலஸ், முன்சிறுகுடலை விரலால் அளந்து 'பன்னிரு விரற்கடை' என்று பெயர் வைத்தார். டியோடினம் என்ற இலத்தீன் பெயரும் அந்தப் பன்னிரண்டுதான். அடுத்த பகுதி செத்தவர் உடலிலே வெறுமையாகக் கிடந்தபடியால் ஜெஜூனம், 'பட்டினிக் குடல்'. சீக்கம் என்றால் குருடு. அதை அப்படியே நாமும் குருட்டுக்குடல் என்றோம். பாங்கிரியாஸ் என்றால் 'முழுதும் சதை'. நமது பாடப் புத்தகத்திலே சதையி. தமிழ்நாட்டிலே அதற்குக் கணையம் என்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் சதையியைக் கேட்டவுடன் அந்த உறுப்பு கண்ணிலே தெரிகிறது. குடலின் உட்சுவரிலே இருக்கும் நுண்ணிய விரல்களுக்குச் சடைமுளை என்று பேரிட்டவர் யாரோ, அவர் கவிஞர்.

இந்தச் சொற்கள் சும்மா வந்தவையல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியம் பார்த்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் ஊரைவிட்டு உத்தியோகம் தேடிப் போய்விடுவதைக் கண்டு, 1864 தொடக்கம் தமிழிலே கற்பித்தார். 'இரணவைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் அச்சாயின. 1884 இல் இறக்கும்வரை, அமெரிக்காவுக்குத் திரும்பிப் போன பின்னரும், அவர் இந்த வேலையை விடவில்லை. அவருடைய தமிழிலே வடமொழி மிகுதி. 'சுகரணம்' என்றால் உடற்றொழிலியல் என்று இன்று யாருக்கு விளங்கும்? ஆனாலும் தமிழிலே கற்ற வைத்தியர்களை ஊருக்குள்ளே நடமாட விட்டவர் அவர்.

நம் மண்ணிலிருந்து ஒருவர் பெயரையும் சொல்ல வேண்டும். காரைதீவிலே 1892 இல் பிறந்து, கல்லடி உப்போடையிலே அடங்கியிருக்கும் விபுலாநந்த அடிகளை நாம் யாழ்நூலின் ஆசிரியராக மாத்திரம் கொண்டாடுகிறோம். அவர் முறையாக விஞ்ஞானம் கற்றவர். 1936 இலே சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அம்முயற்சியின் பயனாக 1938 இல் வெளிவந்த 'கலைச்சொற்கள்' நூலிலே உடல்நூலுக்கும் இடம் உண்டு. நான் கரும்பலகையில் எழுதிய சொற்கள் அந்த மரபிலே வந்தவை.

அவை கரும்பலகையோடு நின்றுவிட்டன. நமது பிள்ளைகள் உயர்தரம் வரையும் சதையி, சடைமுளை என்று எழுதிச் சித்தியடைகிறார்கள். மருத்துவ பீடத்துக்குள்ளே போன மறுநாள் அவற்றைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், கல்வி ஆங்கிலத்திலே. பின்பு வைத்தியராகக் கட்டிலருகே வருகையில் எதிரே இருப்பது மூன்றாவது ஒரு மொழி: ஓங்காளம், சத்தி, வயிற்றுளைவு, புளியேப்பம், வயித்தால போகுது. இந்த மொழிக்கு இன்னும் எவரும் கழகம் கூட்டவில்லை. 'நெஞ்சு' என்று நம் பெண்கள் சொல்லும்போது கையை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் விலா எலும்புகள் பிரியும் குழியிலே வைப்பார்கள். அது இதயமல்ல, இரைப்பையின் வாசல். அன்று பெரியம்மாவும் அங்கேதான் கையை வைத்திருந்தா. நான் சொல்லைக் கேட்டேன்; கையைப் பார்க்கவில்லை.

சுகமாகி வீட்டுக்குப் போன பின்னர் ஒருநாள் பார்க்கப் போனேன். முற்றத்திலே மணலை மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பித்து உடைந்தால் ஆணம் முழுதும் கைத்துப்போகும் என்பதால் விரல் நுனியாலே பக்குவமாகக் குடலை வெளியே எடுத்தா.

"அந்த முன்சிறுகுடலெண்டா எது மனே?"

இரைப்பைக்குக் கீழே, பித்தை ஒட்டியிருக்கிற இடத்தைக் காட்டினேன். தன் நெஞ்சுக்குழியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தா.

"இந்தத் துண்டா என்னக் கொல்லப் பாத்த?" என்று கேட்டுவிட்டு, அதை அறுத்துக் காகத்துக்கு எறிந்தா.