உப்புமாத் தட்டில் நடக்கும் பாடம்

(கோவில்பட்டியில் இளைஞர்கள் கூடிய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கரிசல்காட்டில் மார்கழியும் தையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் உளுந்து, பாசிப்பயறு பறிப்பு. இன்னொரு பக்கம், பனி விலகும் முன்பே ஊர் முக்கில் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேன். அம்மா அதில் ஏறிப் போய்விட்டால் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காலையில் யார் சாப்பாடு போடுவது? காலை உணவுத் திட்டத்தின் அருமை இந்த மண்ணுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

அடுத்த மாதமே எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே எட்டயபுரத்தில்தான். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் எடுத்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, மறுநாள் காலை ஒன்று இருக்கிறதே?

என் முனைவர் பட்ட ஆய்வு பள்ளி உணவைப் பற்றியது. இந்த மார்கழியில் இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் சில வாரம் காலையில் போய் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே யாரும் சண்டை போடவில்லை, டிசி கேட்கவில்லை. நான்கைந்து பிள்ளைகள் மட்டும் உப்புமா வேளை முடிந்த பிறகே உள்ளே வருவார்கள். அவ்வளவுதான். பதிவேட்டில் அவர்கள் வருகை சரியாக இருக்கும்.

‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு, இன்னும் அரும்பு. ‘சோறு’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். “சாப்பிட்டியா பாப்பா?” என்றேன். “பசிக்கல அக்கா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “எங்க ஆச்சி அதச் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிருக்கு” என்றாள். எழுத்தில் அரும்பு. இந்தப் பாடத்தில் அவள் மலராகிவிட்டாள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. காலை உணவு சமைப்பவரை மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுக்கிறார்கள். அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தன் பிள்ளைக்குச் சமைப்பதுபோல் சமைப்பார் என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. அப்படியானால், தட்டு ஒதுக்கப்படும் ஒவ்வொரு பள்ளியிலும், ‘இது எங்கம்மா ஆக்குனது’ என்று தெரிந்த ஒரு பிள்ளை அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்த பையன் மூன்றாம் வகுப்பு. தாமதமாக வருகிறவர்களை அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வேகமாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவ ஓடிவிடுவான். அவன் என்ன கற்றுக்கொள்கிறான் என்பதை எந்தத் தேர்விலும் அளக்க மாட்டார்கள்.

இது நம் பழைய திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதும் இல்லை. சேரன்மாதேவி குருகுலம் காங்கிரசிடம் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது. 1924-25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். பிராமணரல்லாத பிள்ளையின் தன்மானம் அன்று தமிழ்நாட்டின் பிரச்சினையானது. அந்தப் போராட்டத்தால் தலைநிமிர்ந்த சாதிகளின் வீடுகளிலிருந்துதான் இன்று ‘பசிக்கல’ என்று பிள்ளைகள் வருகிறார்கள். இதைச் சொன்னால் நம் ஆட்களிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

“சாதியெல்லாம் இல்லைங்க, ரெண்டு வீட்டுக்கும் ஆகாது” என்று ஊரில் சொல்வார்கள். அப்புறம் பிரச்சினை வேண்டாமென்று சமைப்பவரை மாற்றிவிடுவார்கள். அதைத்தான் முதலில் தடுக்க வேண்டும். மாற்றினால், ஒதுக்கினால் ஜெயிக்கலாம் என்று இரண்டு பிள்ளைகளுமே கற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் அக்கா, மதினி யாராவது அதில் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர், காலையில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். அந்த ஆச்சியிடமும் யாராவது போய்ப் பேச வேண்டும். அவர் தெருக்காரரே போனால்தான் கதவு திறக்கும். நான் போனேன், திண்ணையைத் தாண்ட முடியவில்லை.