பழந்துணியும் புதுப்பயனும்

(ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாதர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார்கள், இசை பேசுவார்கள். என்னையோ பழந்துணியைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். பொருள் சிறியதென்று எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டு அலமாரியைத் திறந்தால், குடும்ப வரலாற்றில் பாதி அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

நம் முன்னோர் துணியை எளிதில் கைவிட்டவர் அல்லர். நூற்சேலை நைந்தால் குழந்தைக்குத் தூளியாயிற்று. வேட்டி கிழிந்தால் விளக்குக்குத் திரியாயிற்று. எஞ்சிய துண்டு அடுப்பங்கரையில் பிடிதுணியாயிற்று. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு வாராது. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் கிடத்தும் வழக்கத்தின் பொருள் அதுவே.

நாம் வந்து வாழும் வங்க நாடு இக்கலையில் நமக்கு ஆசானாக விளங்குகிறது. பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் இட்டு, இந்நாட்டுப் பெண்கள் ‘காந்தா’ செய்தார்கள். குளிருக்குப் போர்வை, தலையணைக்கு உறை, கண்ணாடிக்குச் சுற்றுத்துணி என எத்தனையோ வகை! ஜசீமுத்தீன் என்னும் கவிஞர் 1929-இல் வெளியிட்ட நெடுங்கவிதையில், தலைவி தன் காதலையும் துயரையும் காந்தாவில் தைத்து வைக்கிறாள். எழுத்தறியாத மகளிர் பலருக்கும் ஊசியே எழுதுகோலாயிற்று. குருசதய் தத் என்பவர் அத்தகைய காந்தாக்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டியிராவிட்டால், அவற்றுள் பல மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பழந்துணியை முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் தெரிந்துவிடும். இரு கையாலும் இழுத்தால் கிழிவது திரிக்குத்தான் ஆகும். படுக்கை விரிப்பு நடுவில்தான் முதலில் நையும். ஓரம் உறுதியாகவே இருக்கும். ஆதலால் அதை நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் ஓரம் நடுவாகும். நைந்த பக்கங்களை மடித்துத் தைத்துவிடலாம். விரிப்பு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். சந்தையில் வாங்கிய பழந்துணியாயின், வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அழுக்கும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். சாயம் விடுமா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பிடிதுணிக்குப் பருத்தியே ஏற்றது. பாலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கிழிந்ததையும் கறை படிந்ததையும் மூட்டை கட்டி, வேலைக்கு வரும் அம்மாளிடம் கொடுத்துவிட்டு, அதைத் தானம் என்கிறோம். நாம் உடுத்த நாணுவதைப் பிறருக்குக் கொடுப்பது தானம் ஆகுமா? 1999-இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பு, நகரத்துப் பழைய பருத்தித் துணியைத் தூய்மை செய்து, மாதவிலக்கின்போது கந்தலுக்கும் வழியின்றித் தவித்த ஏழைப் பெண்களுக்கு ஏற்ற துணிப்பட்டைகளாக ஆக்குகிறது. பெறுபவரின் மானத்தை எண்ணிச் செய்த வேலை அது. நாமும் துவைத்து, தைத்து, மடித்துக் கொடுப்போம். கடையில் காந்தா வாங்கும்போது, நாள்கணக்கில் ஊசி பிடித்த கைக்கு உரிய கூலி சேர்ந்ததா என்றும் கேட்போம்.

சகோதரிகளே! நம் பேரப்பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறுகிறார்கள். பாட்டியின் கடிதம் அவர்களுக்கு விளங்காது போகலாம். பாட்டியின் சுங்குடிச் சேலையில் தைத்த போர்வைக்கோ எழுத்தறிவு வேண்டியதில்லை. அந்தச் சேலையை ஒரு பாத்திரத்துக்கு மாற்றிவிடுமுன் சற்றே யோசியுங்கள். மாதம் ஒரு பிற்பகல், வீட்டுக்கொரு பழஞ்சேலையுடன் இம்மண்டபத்தில் கூடுவோம். அண்டை வீட்டு வங்கச் சகோதரிகளையும் அழைப்போம். அவர்கள் தையல் கற்பிக்கட்டும், நாம் அந்தச் சேலைகளின் கதையை அவர்களுக்குச் சொல்லுவோம்.